என் கட்சிக்கு ஒன்பது பக்கம்

ஜனவரி 7, திங்கள்

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. மெய்யியல் துறையின் மின்விசிறி மட்டும் இன்னும் விடுமுறையில் இருக்கிறது. துறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு பழைய கல்லூரி, அதன் மாடிக் கோடியில் ஓர் அறை, இரண்டு மேசைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒருத்தி நான், உலகம்மாள், துறைத் தலைவர், வருகிற மே மாதம் ஓய்வு பெறப் போகிறவள். இன்னொருவர் ஆரோக்கியநாதன். நாங்கள் பேசி எட்டு வருடமாகிறது.

அதனால் வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை. மாதத்தின் முதல் திங்களன்று துறைக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. கூட்டத்தில் பேசியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பதும் விதி. நாங்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஒழுங்காகச் செய்கிறோம். இன்று அவர் எழுதியது: "மின்விசிறி ஓடவில்லை என்பதை உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார்." அதன் கீழே நான்: "தலைவருக்கும் வியர்க்கிறது என்பது பதிவு செய்யப்பட்டது." இருவரும் கையெழுத்திட்டோம். கூட்டம் இனிதே நிறைவடைந்தது.

ஜனவரி 9, புதன்

கும்பகோணத்திலிருந்து வரும் 'மறுவினா' காலாண்டிதழ் ஒரு கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. எழுதியவர் பெயர் எனக்குத் தெரியக் கூடாது, என் பெயர் அவருக்குத் தெரியக் கூடாது. படித்துவிட்டு ஏற்கலாமா, நிராகரிக்கலாமா என்று இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுதியனுப்ப வேண்டும். தலைப்பு 'அழைத்தால் திரும்புகிறவர்'. அதன் கீழே சிறிய எழுத்தில்: 'பேச்சும் ஆளும் நூலுக்கு ஒரு மறுப்பு'.

'பேச்சும் ஆளும்' நான் எழுதியது. நான் எழுதியது அது ஒன்றுதான்.

சொதி அடுப்பில் இருந்தது. தேங்காய்ப் பால் திரிந்துவிட்டது.

ஜனவரி 10, வியாழன்

படிக்கவில்லை. ஒட்டடை அடித்தேன்.

ஜனவரி 11, வெள்ளி

இன்றும் படிக்கவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன். என் வீட்டுக்காரர் சுடலைமணி தபால் துறையில் நாற்பது வருடம் பார்சல்களைப் பார்த்தவர். மேசை மேல் கிடந்த உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உலகு, இதுல குண்டு ஒண்ணுமில்ல. தைரியமாப் பிரி" என்றார்.

ஜனவரி 12, சனி

படித்துவிட்டேன். இரண்டு முறை.

முதல் ஒன்பது பக்கம் முழுக்க என் கட்சி. நம் பழைய தருக்க நூல்களில் ஒரு முறை உண்டு. எதிராளியின் கட்சியை முதலில் சொல்ல வேண்டும், அதுவும் எதிராளியே கேட்டுவிட்டு ஆமாம் என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். அது பரபக்கம். அதன் பிறகுதான் தன் கட்சி, சுபக்கம். இப்போது யார் அதைச் செய்கிறார்கள்? எதிராளியின் நூலில் ஒரு வரியைப் பிய்த்து வைத்துக்கொண்டு அடிப்பதுதான் வழக்கம். இந்த ஆசாமி ஒன்பது பக்கம் பொறுமையாக உட்கார்ந்து எனக்காக வாதாடியிருக்கிறார்.

என் கட்சி இதுதான். ஒருவர் வீட்டில் பேசும்போது ஓர் ஆள், மேடையில் பேசும்போது வேறு ஆள், அலுவலகத்தில் இன்னோர் ஆள். இவர்கள் எல்லாருக்கும் அடியில் 'உண்மையான நான்' என்று ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. பேச்சுதான் ஆளை உண்டாக்குகிறது. மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு வீட்டில் வேலைக்கு வருபவருக்குத் தனித் தம்ளர் வைக்கிறவருக்கு ஏன் உறுத்துவதே இல்லை? உறுத்துவதற்கு இரண்டு இடத்திலும் ஒரே ஆள் இருந்தால்தானே. இதைச் சொல்ல எனக்கு இருநூற்று நாற்பது பக்கம் தேவைப்பட்டது. இவர் ஒன்பதில் முடித்துவிட்டார். என்னைவிட நன்றாகவே சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டே, 'அட, நான் இவ்வளவு கெட்டிக்காரியா' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பத்தாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது அடி. அப்படியானால் அந்தத் தம்ளர்க்காரரை நாம் என்னவென்று கேட்பது? 'மேடையில் பேசினது வேற ஆளுங்க' என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விடலாமே. எந்தப் பேச்சில் அழைத்தாலும் திரும்பிப் பார்க்கிறவர் ஒருவர்தான். ஆளின் ஒருமை பேச்சில் இல்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பில் இருக்கிறது. அநியாயத்தை விளக்கப் போய் அநியாயக்காரருக்கு வாசலைத் திறந்துவிட்டது இந்த நூல், என்கிறார்.

பதில் சொல்லப் பார்த்தேன். இட்லிக்கு அரைத்து முடிக்கும் வரை பார்த்தேன். பதில் இல்லை.

ஜனவரி 15, செவ்வாய், பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கரும்பைக் கடித்துக்கொண்டே கட்டுரையின் பதினான்காம் பக்கத்தை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அதில் ஓர் உதாரணம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, என்று ஆரம்பிக்கிறார் கட்டுரையாளர். அவர் வகுப்பில் பேசுவது ஒரு தமிழ், கணவரிடம் தொலைபேசியில் பேசுவது ஒரு தமிழ், ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவது இன்னொரு தமிழ். மூன்றும் மூன்று ஊர் என்றுகூடத் தோன்றும். ஆனால் மூன்றிலும் கோபம் வருமுன் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். கோபப்படுகிறவர் ஒருவர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எவ்வளவு நுட்பமான கவனிப்பு! யாரோ சென்னைப் பக்கத்து இளம் ஆய்வாளராக இருக்க வேண்டும். அந்த ஆசிரியை பாவம், தன்னை ஒருவர் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்திராது.

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். கரும்புச் சக்கை தொண்டையில் மாட்டி, தண்ணீர் கொடுத்து, முதுகில் தட்டியும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன சங்கதின்னு சொல்லிட்டுச் சிரிங்க" என்றேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்ச் சிரித்தார்.

ஜனவரி 18, வெள்ளி

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

மார்ச் எட்டாம் தேதி பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு கூடுகிறது. 'பேச்சும் ஆளும்' நூலை முதுகலை வகுப்புக்குப் பாடமாக வைக்கலாமா என்று அன்று முடிவாகும். நூல் வெளிவந்து பத்தொன்பது வருடம் கழித்து, நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, என் நூலுக்கு வரும் முதல் மரியாதை. இந்தக் கட்டுரை பிப்ரவரி இதழில் வந்தால் குழுவில் எல்லாரும் படிப்பார்கள். பிறகு என் நூலை யார் சீண்டுவார்கள்?

நிராகரித்தால் யாருக்கும் தெரியாது. நான் யாரென்று எழுதியவருக்கே தெரியாது. ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன்: 'மேற்கோள் காட்டும் முறை சீராக இல்லை. அடிக்குறிப்புகள் போதாது. திருத்தி மே மாதத்துக்குப் பின் அனுப்பலாம்.' மே மாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அடிக்குறிப்பு அறுபத்திரண்டு இருக்கிறது.

தாளைக் கிழிக்கவில்லை. உறைக்குள் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 21, திங்கள்

இன்றைய பாடம் அறவியல், கடமை பற்றிய அத்தியாயம். என் நேரம். பதினொரு பேர் வகுப்பில் இருந்தார்கள். 'ஒரு செயல் நல்லதா என்று பார்க்க, யாரும் பார்க்காதபோதும் அதைச் செய்வாயா என்று கேட்டுப்பார்' என்று நடத்திக்கொண்டிருக்கும்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பை விட்டேன். பிள்ளைகள் நன்றி சொன்னார்கள்.

ஜனவரி 22, செவ்வாய்

மின்விசிறிக்காரருக்குப் போன் செய்தேன். மூன்றாவது வாரமாக 'நாளைக்கு' என்கிறார். "நாளைக்கு நாளைக்குன்னா எந்த நாளைக்குவே? ஏணியோட வாரீரா, இல்ல நான் வேற ஆளப் பாக்கவா?" என்று கத்திவிட்டு நிமிர்ந்தேன். எதிர் மேசையிலிருந்து ஆரோக்கியநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் எழுதாத தாளில் அடிக்கோடு போட ஆரம்பித்தார்.

கண்ணாடியைத் தேடினேன். கையில் இருந்தது.

ஜனவரி 22, அன்றே

அவர்தான்.

ஜனவரி 23, புதன்

விடுப்பு எடுத்துக்கொண்டேன். காலை முழுக்க ஆத்திரம். எட்டு வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில், நூற்றைம்பது பேர் நடுவில் எழுந்து நின்று, "மேடம் புத்தகம் படிக்கச் சுகமா இருக்கு. ஆனா தப்பு" என்றவர் இவர். நான் மேடையிலிருந்தே, "மொதல்ல முழுசாப் படிச்சிட்டு வந்து பேசுங்க சார்" என்றேன். கூட்டம் கைதட்டியது. அதோடு முடிந்தது எங்கள் பேச்சுவார்த்தை. அந்த மனிதர் இப்போது என் நூலை மட்டுமல்ல, என் மூக்குக்கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்காரர் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே தெரியும்லா உங்களுக்கு?"

"பொங்கலுக்கே தெரியும். ஊருக்கே தெரியும். நீ கண்ணாடியக் கழத்தினா கேஸ் சிலிண்டர்காரன்கூடப் பாதிப் படியிலேயே இறங்கிருதான்."

"கேலி பண்ணியிருக்காரு என்னைய."

"கேலி பண்ணுதவன் ஒம்பது பக்கம் ஒனக்காகப் பேசுவானா? நான் கட்டுன புருசன், ஒன் புத்தகத்துல நாப்பது பக்கந்தான் தாண்டியிருக்கேன். சத்தியமாச் சொல்லுதேன்."

நாற்பதாம் பக்க விஷயம் எனக்குப் புதிது. அதை வேறொரு நாள் விசாரிப்பேன். கட்டுரையை மறுபடி எடுத்தேன். இந்த முறை எதிர் மேசைக்காரர் எழுதியது என்று தெரிந்துகொண்டே படித்தேன்.

நூலின் கடைசி அடிக்குறிப்பை மேற்கோள் காட்டியிருக்கிறார். அதை நான் எழுதினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அச்சுப் பிழை இருந்த இடங்களில் எல்லாம் சத்தமில்லாமல் திருத்தி எடுத்தாண்டிருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் நான் அவசரத்தில் விட்டுவிட்ட ஒரு படியை, 'ஆசிரியர் இங்கே இப்படிக் கருதுகிறார் என்று கொள்வதே நியாயம்' என்று அவரே போட்டு நிரப்பி, என் வாதத்தைப் பலப்படுத்தி, அதன் பிறகுதான் இடிக்கிறார்.

முந்நூறு பிரதி அச்சிட்ட நூல். மாலை போட்டார்கள், பாராட்டினார்கள், அலமாரியில் வைத்தார்கள். முழுக்கப் படித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், எட்டு வருடமாக ஆறடி தூரத்தில். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பழைய தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 24, வியாழன்

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரிந்த பிறகு நான் மதிப்பிடக் கூடாது. இதழாசிரியர் நமச்சிவாயத்தைப் போனில் அழைத்து, "ஐயா, எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேற யாருக்காவது அனுப்பிருங்க" என்றேன்.

அவர் நிதானமாக வெற்றிலையை ஒதுக்கிவிட்டுப் பேசினார். "ஏம்மா, தமிழ்ல மெய்யியல் எழுதறது மொத்தமே பதினஞ்சு பேர். பேரை அடிச்சு அனுப்புறது ஒரு சாஸ்திரத்துக்குத்தான். கமா போடற அழகுலயே தெரிஞ்சுபோயிடும் யாருன்னு. அதை விடுங்க. அவர் கட்டுரையோட ஒரு கடுதாசி வச்சிருந்தார். அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுதான். சொல்லாம இருக்கவும் முடியலை."

படித்துக் காட்டினார். நான் கையில் கிடைத்த பால் கணக்கு அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டேன்:

'இதை என் துறைத் தலைவருக்கு அனுப்புங்கள். அவர் கட்சியை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். இல்லை என்று அவர் சொன்னால் வெளியிட வேண்டாம். எனக்கு வருத்தம் இருக்காது. மறுபடியும் படிக்கிறேன்.'

"என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றார் நமச்சிவாயம்.

"இருக்கேன்."

"அப்ப நான் என்ன போட்டுக்கட்டும்?"

"என் கட்சியச் சரியாச் சொல்லியிருக்காரு. ஏற்கலாம்."

எழுத்திலும் அனுப்பிவிட்டேன். நூல் பாடமாவது இனி நடக்காது. பிற்பகல் முழுக்க அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் வலித்தது. இல்லையென்று எழுதினால் பொய். ஆனால் இரவுச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 4, திங்கள்

துறைக் கூட்ட நாள். நான் போகும்போது அவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். குறிப்பேடு அவர் மேசையில் மூடிக் கிடந்தது. 'மறுவினா'விலிருந்து வந்த கடிதம் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றார்.

எட்டு வருடத்தில் என்னிடம் சொன்ன முதல் சொல். என்னைப் பார்த்துப் பேசும்போது அவர் குரல் இவ்வளவு கனமானது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

"அன்னைக்குக் கருத்தரங்குல நான் ரெண்டு அத்தியாயந்தான் படிச்சிருந்தேன். நீங்க சொன்னது சரி. மறுநாளே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். முழுசாப் படிச்சிட்டே வந்து கேப்போம்னு நெனச்சேன். படிச்சேன். படிச்சா, தப்புன்னு சொன்னதும் சரியாப் போச்சு. இப்ப எப்படி மன்னிப்புக் கேக்கன்னு தெரியல."

"அதுக்குக் கட்டுரையா எழுதுவாக?"

"எனக்கு வேற என்ன மேடம் தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, "கண்ணாடிய எதுக்கு இழுத்தீக?" என்று கேட்டேன். முகம் சிவந்து, "அதைவிட நல்ல உதாரணம் கெடைக்கல" என்றார். அடுத்ததாகப் பதினேழாம் பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்றேன். எங்கே என்றார். ஊமையாகவே பிறந்து யாரும் பெயர் சொல்லி அழைக்காத ஒருவர் ஆள் இல்லையா என்றேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அடுத்த மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. மூன்றாமாண்டுப் பிள்ளைகள் ஆசிரியரைக் காணாமல் தேடி வந்து, வாசலில் நின்று கேட்டு, அப்புறம் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது எனக்கு.

பிப்ரவரி 27, புதன்

இதழ் வந்துவிட்டது. குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் போயிருக்கும். மின்விசிறி ஓடுகிறது.

மார்ச் 8, வெள்ளி

பாடத்திட்டக் குழுவில் ஏழு பேர். ஆரோக்கியநாதனும் நானும் அதில் அடக்கம். குழுத் தலைவர் 'மறுவினா' இதழை மேசை மேல் வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். கட்டுரையின் வாதம் வலுவாக இருக்கிறது, நூலாசிரியையே இங்கே இருக்கிறார், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

நான் எழுந்து, கட்டுரை சரி, என் நூலின் அடிப்படை வாதம் நிற்காது என்றேன். ஏன் நிற்காது என்று பத்து நிமிடம் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன்.

உட்காருவதற்குள் ஆரோக்கியநாதன் எழுந்துவிட்டார். என் நூலைப் பாடமாக வைத்தே தீர வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார். மூன்றாம் அத்தியாயத்தைப் புத்தகம் இல்லாமலே பக்கம் பக்கமாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அது தப்புன்னு நீங்கதானே நிரூபிச்சீங்க?" என்றேன். "நிரூபிச்சேன். அதுக்கு இப்ப என்ன மேடம்?" என்றார்.

தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். "சார், ஒரு நிமிசம். உங்க கட்டுரை சரியா, தப்பா?"

"சரி."

"அப்ப புத்தகம் தப்பு."

"தப்புதான்."

"தப்பான புத்தகத்தை எதுக்கு சார் பிள்ளைகளுக்கு வைக்கணும்?"

அவர் மேசை மேலிருந்த இதழைத் தள்ளி வைத்தார். பிறகு, "சரியான புத்தகம் நெறையப் படிச்சிருக்கேன் சார். படிச்சேன், மூடி வச்சேன். இந்தப் புத்தகம் எட்டு வருசம் என்னைத் தூங்க விடல. பிள்ளைகளுக்கும் அது கெடைக்கட்டும்னுதான் சொல்லுதேன்" என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். வைக்கலாம் என்று மூன்று கை. வேண்டாம் என்று மூன்று கை. நூலை எழுதியவர் வாக்களிக்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. எப்படிக் கை தூக்குவேன் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை போலிருக்கிறது. தலைவர் எனக்கு வாழ்த்துச் சொல்லவே வாயெடுத்துவிட்டார். ஜனவரியில் 'ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். இங்கே உட்கார்ந்திருப்பதும் நான். அது வேறு ஆள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் செய்துவிட்டார் ஆரோக்கியநாதன். வேண்டாம் என்று கை தூக்கினேன்.

திரும்பும் பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் உங்களுக்காக உசுரக் குடுத்துப் பேசுதேன், நீங்களே எதிர்த்துக் கை தூக்குதீக" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு பேச்சில்லை. ஒரு நிறுத்தம் போனது, இரண்டு நிறுத்தம் போனது. நூல் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. ஆனால் இன்னும் எட்டு வருடம் என்றால் எனக்கு அறுபத்தெட்டு ஆகிவிடுமே என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் திரும்பினார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

"மேடம், மூணாம் அத்தியாயத்த மட்டும் காப்பாத்த ஒரு வழி இருக்கு."

"சொல்லுங்க சார்" என்றேன்.